ஒரு வினை, பல பொருள்

ஆங்கிலத்தில் 'டேக்' என்பது மிக எளிய வினைச்சொல். 'எடு' என்பதே அதன் முதற்பொருள். ஆயினும், பிற சொற்களோடு சேரும்போது அது வெவ்வேறு பொருளைத் தருகிறது. அத்தகைய தொடர்களை ரஷ்ய மொழியில் பெயர்ப்பவர் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

சில இடங்களில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன. ஆங்கிலேயரைப் போலவே ரஷ்யரும் டாக்சியை 'எடுப்பதாக'க் கூறுவர். 'எடு' எனப் பொருள்படும் 'பிராத்' என்னும் வினை அங்குப் பொருந்தும். ஆனால், மருந்து உட்கொள்வதற்கு அது பொருந்தாது. அதற்கு, 'ஏற்றுக்கொள்' எனப் பொருள்படும் 'பிரினிமாத்' என்னும் வினையே வேண்டும். நோயாளியிடம் 'பிராத்' என்று கூறினால், மருந்தைக் கையில் எடுப்பதா, உட்கொள்வதா என்று அவர் குழம்பக்கூடும்.

'டேக் யுவர் டைம்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ரஷ்யருக்கு அது இயல்பாக இராது. அவர்கள் 'நெ தரப்பீத்தெஸ்', அதாவது 'அவசரப்படாதீர்கள்' என்பர். ஆங்கிலத்தில் உடன்பாடாக உள்ள தொடர் ரஷ்ய மொழியில் எதிர்மறையாகிறது. கருத்தோ மாறவில்லை.

தந்தையை ஒத்த மகனைக் குறிக்க ஆங்கிலேயர் 'டேக்ஸ் ஆஃப்டர்' என்பர். ரஷ்யரோ, 'தந்தைக்குள் போனான்' என்னும் பொருள்பட உரைப்பர். தமிழர், 'அப்பாவை உரித்து வைத்திருக்கிறான்' என்பர். கருத்து ஒன்று, வினைகள் மூன்று.

ஆகவே, மொழிபெயர்ப்பாளர் 'இச்சொல்லுக்கு நிகரான சொல் எது?' என்று மட்டும் தேடுதல் போதாது. 'இச்சூழலில் அம்மொழியினர் எவ்வாறு பேசுவர்?' என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.