கல்லில் பெயர் இல்லாத சிறுமியைக் கதையில் எழுதுவது எப்படி?

தருமபுரி மாவட்டத்தில் தீர்த்தமலையைச் சுற்றியுள்ள பல ஊர்களில் வேடியப்பனுக்குப் பொங்கல் வைப்பார்கள். சாமியை நெருங்கிப் பார்த்தால் வில்லோ வாளோ ஏந்திய ஒரு வீரன் கல்லில் நிற்பான். பெரும்பாலும் அது நடுகல். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கு ஊர் நட்ட கல். இங்கே வளரும் பிள்ளைகள் அதைத் தினமும் கடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். அந்த வீரனின் வீட்டில் ஒரு பெண்பிள்ளை இருந்திருப்பாளே, அவள் கதையை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள வாசகருக்கு அந்தக் கதையை எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ராணியை விட்டு, ஒரு கல்லைப் பிடியுங்கள்

குந்தவைக்கும் செம்பியன் மாதேவிக்கும் எழுத ஆள் இருக்கிறார்கள். நீங்கள் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கல்லிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’, அதே துறையின் ‘தருமபுரி கல்வெட்டுகள்’ இரண்டையும் மாவட்ட நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களை நேரிலேயே பார்க்கலாம். பார்க்காமல் எழுத வேண்டாம். கல்லின் உயரம், வீரனின் கொண்டை, காலடியில் உள்ள விலங்கு என்று ஒவ்வொன்றையும் நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். வரைந்தால்தான் கண் நிதானமாகப் பார்க்கும்.

இங்கே எடுத்துக்காட்டாக எடுத்தனூர் கல்லை வைத்துக்கொள்வோம். தீர்த்தமலைக்கு வடகிழக்கே செங்கம் வட்டாரத்தைச் சேர்ந்த கல் அது. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தியின் கல். அவனோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த நாயும் அதில் இருக்கிறது, கோவிவன் என்ற தன் பெயரோடு.

கல் சொல்லாததைக் கேள்வியாக எழுதுங்கள்

அரசனின் பெயர், வீரனின் பெயர், நாயின் பெயர் மூன்றும் கிடைத்துவிட்டன. நாய்க்குப் பெயர் பொறித்த அந்த ஊரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த எருமைகளைக் கறந்தது யார்? தயிர் கடைந்தது யார்? கன்றுக்குப் புல் அறுத்துப் போட்டது யார்? அன்றிரவு மந்தை திரும்பியபோது எண்ணிப் பார்த்தது யார்? குறைந்தது பத்துக் கேள்விகள் எழுதுங்கள். எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடவில்லையோ அதுதான் கதை. என்னைப் பிடித்துக்கொண்டது, எண்ணிப் பார்த்தது யார் என்ற கேள்வி.

பெயர் வைக்கும்போது பழந்தமிழ்ப் பெயர்களுக்குள்ளேயே தேடுங்கள். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரிலேயே ஒரு பெயர் ஒளிந்திருக்கிறது. நம் பெண்ணுக்குச் சாத்தி என்று வைப்போம். வயது பதினொன்று.

அவளுடைய ஒரு நாளைக் கட்டுங்கள்

கதையில் அதிக உழைப்பைக் கேட்பது இந்த இடம்தான். சாத்தி காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தாள் என்று மணிவாரியாக எழுதுங்கள். சமையலில் கவனம் வேண்டும். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் நிலக்கடலையும் ஐரோப்பியர் கடல்வழி கண்ட 1498-க்குப் பிறகுதான் நம் நாட்டுக்கு வந்தன. சாத்தியின் வீட்டில் காரத்துக்கு மிளகு. தட்டில் சாமையோ தினையோ கேழ்வரகுக் களியோ. சித்தேரி மலையில் இன்றும் சாமை விளைகிறது. ஒரு படி வாங்கி உரலில் போட்டு நீங்களே குத்திப் பாருங்கள். தோள் வலித்த பிறகு எழுதும் வாக்கியம் வேறு மாதிரி வரும்.

தீர்த்தமலைக்கும் ஒருமுறை ஏறுங்கள். பாறையிலிருந்து ராமர் தீர்த்தம் விழுவதைப் பார்த்துவிட்டு, பத்து லிட்டர் குடத்தைத் தண்ணீரோடு இடுப்பில் வைத்துக் கொஞ்ச தூரம் நடங்கள். தண்ணீர் மட்டுமே பத்துக் கிலோ. பதினொரு வயதுப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு எருமையையும் ஓட்டிக்கொண்டு வருவதை அதற்குப் பிறகு எழுதுங்கள்.

நூலில் கிடைக்காத தகவலுக்கு ஊரில் உள்ள வயதான பெண்களிடம் போங்கள். ‘ஆயா, பழைய கதை சொல்லுங்க’ என்றால் ராமாயணம்தான் வரும். ‘ஆயா, உங்களுக்குப் பத்துப் பன்னெண்டு வயசுல, காலையில எந்திரிச்சதும் மொத வேலை என்ன?’ என்று கேளுங்கள். எருமைக்கு ஆள் மாறினால் பால் சுரக்காது, முதலில் கன்றை ஊட்டவிட வேண்டும், கோடையில் நீர் கண்டால் படுத்துவிடும் என்பதெல்லாம் அவர்கள் வாயிலிருந்து வரும். ஆயிரத்து நானூறு ஆண்டுகளில் அரசுகள் மாறின. எருமையின் குணம் மாறவில்லை.

கத்தியை அவள் கையில் கொடுக்காதீர்கள்

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்களைப் பற்றி எழுதும் ஆர்வத்தில் பலரும் சிறுமிக்குக் குதிரையும் வாளும் தந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யும்போது, சண்டைதான் வரலாறு, பால் கறப்பது வரலாறு ஆகாது என்று நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். கதையின் திருப்பம் அவள் அன்றாடம் செய்யும் வேலையிலிருந்து வர வேண்டும்.

சாத்தியின் கதையில் அது எப்படி வரும்? ‘தொறு’ என்று கல்வெட்டுகள் சொல்லும் மந்தை, இருட்டில் சிதறிப் போகிறது. மீட்கப் போன ஆண்கள் அதட்டுகிறார்கள். எருமைகள் ஆற்றுப் பள்ளத்தில் படுத்துக்கொண்டு அசையவில்லை. தினமும் கறக்கும் குரலுக்குத்தான் அவை எழும். சாத்தி கூப்பிடுகிறாள். தலை எருமை எழுகிறது, மற்றவை பின்தொடர்கின்றன. விடியும் முன் எண்ணுகிறாள், ஒன்று குறைகிறது. எது என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

துயரத்தை மறைக்காதீர்கள், அழகுபடுத்தவும் வேண்டாம்

இந்த வட்டாரத்தில் வளையல் அணிந்த கையை உயர்த்திய பெண் உருவம் உள்ள கற்களும் உண்டு. கணவனோடு தீயில் இறந்த பெண்ணின் கல் அது. அதைத் தியாகம் என்று பிள்ளைகளிடம் புகழக் கூடாது. தீயை விவரிக்கவும் தேவையில்லை. மறுநாள் காலை அந்த வீட்டில் மிஞ்சிய மகள் அடுப்பு மூட்டுகிறாள், கேள்வி கேட்கிறாள், யாரும் பதில் சொல்லவில்லை என்று எழுதினால் பன்னிரண்டு வயது வாசகருக்குப் புரியும்.

கதை மாந்தரின் பேச்சில் செந்தமிழும் வேண்டாம், இன்றைய வீட்டுத் தமிழை அப்படியே ஏற்றவும் வேண்டாம். சின்ன வாக்கியங்கள், பழைய சொல் பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ போதும். ‘பெண்ணுரிமை’ பற்றிச் சாத்தி பேச மாட்டாள். ‘நானும் வர்றேன்’ என்பாள்.

எழுதி முடித்ததும் ஒரு வகுப்பில் உரக்க வாசியுங்கள். பிள்ளைகள் நெளியத் தொடங்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். அது பெரும்பாலும் நீங்கள் வரலாற்றுப் பாடம் நடத்திய பத்தியாக இருக்கும். வெட்டுங்கள்.

கடைசிப் பக்கத்தில் உண்மையைப் பிரித்துச் சொல்லுங்கள்

பிள்ளைகள் படித்ததை அப்படியே நம்புவார்கள். ஆகவே எது கல்லில் உள்ளது, எது கற்பனை என்று அவர்களுக்குத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அரைப் பக்கம் போதும். சாத்தியின் கதைக்கு நான் இப்படி எழுதுவேன்:

‘மகேந்திரவர்மன், கருந்தேவக்கத்தி, கோவிவன் என்ற நாய், எருமைகள், இரண்டு கள்ளர்கள் எல்லாம் எடுத்தனூர் கல்லில் உள்ளவை. ஆற்றுப் பள்ளமும் அந்த இரவின் மற்ற நிகழ்ச்சிகளும் என் கற்பனை. சாத்தி என்பது நான் வைத்த பெயர். அந்த எருமைகளைக் கறந்தவளுக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது.’