சண்டை மீனைச் சிறு தொட்டியில் வளர்க்கும் முறை

பட்டணத்துக் கடைகளில் சிறு கண்ணாடிப் புட்டிக்கு ஒன்றாக வைத்து விற்கப்படும், நீண்ட செட்டைகளையுடைய வர்ண மீனை இப்போது கிராமத்து வீடுகளிலும் காணலாம். கடைக்காரர் இதனைப் பைட்டர் என்றும், பெட்டா என்றும் சொல்லுவர். பிள்ளைகள் விரும்பிக் கேட்கப் பெரியவர்கள் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். விற்பவர் கூறும் யோசனை சாதாரணமாய் இரண்டே வாக்கியங்களில் அடங்கும்: இம்மீனுக்குக் காற்றுக் குழாய் வேண்டியதில்லை, சிறு புட்டியே போதும். இவற்றுள் முன்னது மெய், பின்னது மெய்யன்று. முன்னதிலிருந்தே பின்னதும் விளைவதாக எண்ணிக்கொள்வதனால், இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை வாழக்கூடிய இம்மீன்களில் அநேகம் ஒரு மாதத்துக்குள் மடிந்துபோகின்றன.

இம்மீனின் பிறப்பிடம் முன்பு சயாம் என்று வழங்கிய தாய்லாந்து தேசம். அங்கே சாவ் பிரயா நதியின் சமவெளியிலுள்ள நெல் வயல்களிலும், சதுப்புகளிலும், ஓட்டம் குறைந்த கால்வாய்களிலும் இது இயற்கையாக வாழ்கிறது. அந்நாட்டார் இதனைப் பிளா கட் என்பர். கடிக்கும் மீன் என்பது பொருள். தியோடர் காண்டர் என்பவர் 1849ஆம் ஆண்டில் இதனைப் பற்றி எழுதியபோது வேறொரு பெயரை வழங்கினார். அப்பெயர் மற்றொரு இனத்துக்கு முன்னரே உரியதாயிருந்தமையால், 1910ஆம் ஆண்டில் சார்லஸ் டேட் ரீகன் என்பவர் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயரிட்டார். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசாங்கம் இதனைத் தன் தேசிய நீர்வாழ் பிராணியாக அறிவித்தது. நமது மாகாணத்தில் சென்னையைச் சார்ந்த கொளத்தூர் வட்டாரத்தில் அலங்கார மீன் வளர்ப்பும் வியாபாரமும் பெருகி நடைபெறுவதால், இவ்வினமும் அங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்லுகின்றது.

வயலில் ஆழமில்லாத நீரில் வாழும் மீனாதலால் புட்டி போதும் என்று சிலர் வாதிப்பர். நெல் வயலின் கணக்கை அறிந்த மிராசுதாருக்கு இவ்வாதத்தின் குறை எளிதில் விளங்கும். ஒரு ஏக்கர் வயலில் 10 சென்டிமீட்டர் ஆழம் நீர் நின்றால், அது ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் ஆகும். நீர் ஆழமற்றதேயன்றிக் கொஞ்சமன்று. அதன் அடியில் உயிருள்ள மண்ணும், மேலே பயிரும் பாசியும் இருக்கின்றன. புட்டியிலோ ஒரு லிட்டர் நீரும் கண்ணாடியுமே உண்டு.

மூச்சும் கழிவும்

சண்டை மீனுக்கு மற்ற மீன்களைப் போலச் செவுள்கள் உண்டு. அவற்றின் மேற்புறத்தில், மடிப்பு மடிப்பாக அமைந்த மற்றோர் உறுப்பும் உண்டு. மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயினால் காற்றை விழுங்கி, இவ்வுறுப்பின் மூலமாய்ப் பிராணவாயுவைப் பெறும். ஆகையால் காற்றுக் குறைந்த நீரிலும் அது பிழைத்திருக்கும். மேலே வர வழியில்லாமல் பாசியோ மூடியோ தடுத்தால், நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறக்கவும் கூடும்.

ஆயின், காற்றை மேலிருந்து பெற்றாலும் கழிவைக் கீழேதான் விடவேண்டும். மீனின் செவுள்களிலிருந்தும், மலத்திலிருந்தும், தின்னாமல் அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. பயிருக்கு உரமாகும் அதே வஸ்து மீனுக்கு நஞ்சு. ஒரு கூடைக் கோழியெருவை ஒரு சென்டு நாற்றங்காலில் கொட்டினால் நாற்று கருகும். அதையே ஒரு ஏக்கரில் இறைத்தால் தீங்கில்லை. அவ்வாறே ஒரு மீன் ஒரு நாளில் விடும் கழிவு 20 லிட்டர் தொட்டியில் இருப்பதைவிட ஒரு லிட்டர் புட்டியில் இருபது மடங்கு செறிவாக நிற்கும். செவுள் எரிந்து மீன் மேலேயே கிடந்து காற்றைக் கவ்வும்போது, வீட்டார் அதற்குக் காற்றுப் போதவில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் நீர்தான் கெட்டிருக்கிறது.

நமது கிணறுகளில் பல, கார குணம் மிகுந்தவை. இவ்விஷயத்தில் அதுவும் கவனிக்கத் தக்கது. நீரிலுள்ள அம்மோனியாவில் ஒரு பகுதியே கடுமையான நஞ்சாக நிற்கும். 25 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில், பி.எச். 7 உள்ள நீரில் அப்பகுதி நூற்றில் அரைப் பங்கு அளவே, பி.எச். 8 ஆனால் நூற்றில் சுமார் 5 பங்கு. மண் பரிசோதனைச் சீட்டில் பி.எச். பார்த்துப் பழகிய குடியானவர்கள், கிணற்று நீருக்கும் அதனைத் தெரிந்துகொள்வது நலம். இம்மீன் பி.எச். 8 வரையுள்ள நீரைச் சகிக்கும். எனினும் அத்தகைய நீரில் கழிவு சேர விடுவது கேடு.

தொட்டியும் நிலத்தைப் போன்றதே

நிலத்திலிட்ட எருவின் அம்மோனியாவை ஒருவகை நுண்கிருமிகள் நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வேலை மீன் தொட்டியிலும் நடைபெறுகிறது. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சே. நைட்ரேட்டு அவ்வளவு கெடுதலன்று. இக்கிருமிகள் நீரில் மிதப்பதைக் காட்டிலும் மணலிலும், கல்லிலும், வடிகட்டும் பஞ்சிலும், கண்ணாடியிலும் ஒட்டியே வாழ்வன. புதுத் தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதுவரை மீனைக் காப்பது நீரை மாற்றுகிறவரின் கையே.

மீன் வளர்ப்பில் கேடு சோம்பலால் மட்டும் நேர்வதில்லை. மிகுந்த சிரத்தையாலும் நேர்கிறது. வாரந்தோறும் மீனை ஒரு கிண்ணத்தில் விட்டு, தொட்டியைச் சோப்பினால் தேய்த்து, மணலைக் குழாயடியில் அலசி, முழுவதும் புது நீர் நிரப்பும் வீடுகள் உண்டு. பார்வைக்குத் தொட்டி பளபளவென்றிருக்கும். ஆனால் கிருமிகள் அனைத்தும் போய்விட்டமையால், மூன்றாம் நாளே அம்மோனியா ஏறத் தொடங்கும். இவ்வாறு நான்கு முறை செய்தால், தொட்டி நான்கு முறையும் புதுத் தொட்டியே. சோப்பின் மிச்சமும் தனியே கெடுதி செய்யும். உள்ளபடி சொன்னால், சற்றுப் பாசி படிந்த தொட்டியில் மீன் நெடுநாள் வாழ்வதும், துலக்கிய தொட்டியில் சாவதும் ஆச்சரியமன்று.

ஆதலால் 20 லிட்டருக்குக் குறையாத தொட்டி ஒன்றை அமைத்துக்கொள்ள வேண்டும். பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்றின் கொள்ளளவுக்குச் சற்று அதிகமென்று கொள்ளலாம். இடமும் பணமும் குறுகினால் 10 லிட்டர் வரை இறங்கலாம். அதற்குக் கீழ் வேண்டாம். உயரத்தைவிட அகலம் முக்கியம். கழுவிய ஆற்று மணல் ஓர் அங்குலமும், வேலம்பாசி இரண்டு மூன்று கொத்தும் இடவேண்டும். பாசி அம்மோனியாவைத் தானே உறிஞ்சும். குளத்திலிருந்து எடுத்த பாசியாயின், தும்பியின் புழுவும் நத்தை முட்டைகளும் இல்லாதபடி பலமுறை அலசிக்கொள்க. காற்றினால் இயங்கும் பஞ்சு வடிகட்டி இருந்தால் நல்லது. ஆனால் நீரோட்டம் மெதுவாயிருக்க வேண்டும். நீண்ட செட்டையுள்ள மீன் ஓட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துப் போகும். நீர்மட்டத்துக்கு மேல் இரண்டு அங்குலம் இடம் விட்டு, காற்றுப் புகும் மூடி போடவேண்டும். இம்மீன் துள்ளி வெளியே விழும் சுபாவமுடையது. சிமெண்டுத் தொட்டி கட்டுவோர் சுண்ணாம்புக் காரம் நீங்கும்வரை நீர் நிரப்பிப் பலமுறை வடித்த பின்னரே மீன் விடுதல் வேண்டும்.

முதல் ஆறு வாரங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீரில் நாலில் ஒரு பங்கை மாற்றுக. பின்னர் வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு போதும். மணலின் மேலுள்ள அழுக்கைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, அவ்வளவு நீரை ஊற்றலாம். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை மெல்லப் பிழிய வேண்டும். குழாய் நீரில் கூடாது.

நஞ்சு வரும் வழிகள்

குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். மேல்நிலைத் தொட்டிக்குப் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் அது மிகுதி. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். அவசரமானால், மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் முறிப்பு மருந்தைச் சீட்டில் கண்ட அளவில் சேர்க்கலாம். நகரங்களில் சில இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலப்பதுண்டு. அது திறந்து வைப்பதனால் மட்டும் போகாது.

விவசாயக் குடும்பத்தில் இதனினும் பெரிய அபாயம் பூச்சி மருந்து. சைபர்மெத்ரின் முதலிய மருந்துகள் ஒரு லிட்டர் நீரில் சில மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் சில பங்கு இருந்தாலே மீன்களைக் கொல்லவல்லவை. மருந்து கலக்கிய வாளியை எத்தனை முறை கழுவினாலும் தொட்டிக்கு நீர் மொள்ள எடுக்கலாகாது. தெளித்துவிட்டு வந்தவர் கையை நன்றாய்க் கழுவாமல் இரை போடலாகாது. வீட்டில் ஏற்றும் கொசுவர்த்திச் சுருளும், மின்சாரத்தில் சூடாக்கும் கொசு மருந்தும் பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. மீன் உள்ள அறையில் அவற்றை வைக்காதிருப்பதே மேல். மீனுக்கென்று வாளி ஒன்றும், செம்பு ஒன்றும் தனியே குறித்து வைத்துவிட்டால், பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் குழப்பமில்லை.

இரை

கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை, இம்மீனுக்கும் பொரியும் சோறும் ரொட்டித் துணுக்கும் போட விரையும். சண்டை மீன் பூச்சி புழுக்களைத் தின்னும் இனம். மாவுப் பண்டம் அதற்குச் செரிப்பதில்லை, நீரையும் அழுகச் செய்யும். கொசுப்புழு இதற்கு உவப்பான இரை. சாக்கடையிலிருந்து எடுக்காமல், தூய நீர் தேங்கிய இடத்திலிருந்து துணியால் வடித்து, அலசிப் போடவேண்டும். அப்போதைக்கப்போது தின்று தீர்க்கும் அளவே போடுக. மிஞ்சியவை கொசுவாகிப் பறந்தால் டெங்குக் காய்ச்சலுக்கு வீட்டுக்காரரே இடங்கொடுத்தவராவார். கடையில் விற்கும் குறுணை இரையாயின், காலையில் மூன்று, மாலையில் மூன்று என்ற அளவு போதும். மீனின் வயிறு அதன் கண்ணளவே இருக்குமென்று வளர்ப்போர் கொள்வது நல்ல மதிப்பு. வாரத்தில் ஒரு நாள் பட்டினி விடலாம், அதனால் தீங்கில்லை.

உஷ்ணம்

24 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரை இதற்கு ஏற்ற உஷ்ணம். 26 முதல் 28 வரை மிகச் சிறந்தது. சமவெளி ஜில்லாக்களில் வருஷத்தின் பெரும்பகுதி இதற்கெனத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும், 20 லிட்டருக்கு 25 வாட் அளவுள்ள, தானே நின்று தானே இயங்கும் நீர் சூடேற்றி இன்றி இம்மீனை வளர்க்க முயலாதிருப்பதே நலம். மார்கழி, தை இரவுகளில் உள்நாட்டு ஊர்களிலும் தொட்டியைச் ஜன்னலருகே வைக்காமல், அறையின் உட்புறம் வைக்கவேண்டும். கோடையில் நேர் வெயில் படும் சிறு தொட்டி சீக்கிரத்தில் கொதித்துப்போகும். நீர் மாற்றும்போதும் புது நீரின் சூடு பழைய நீருக்கு ஒத்திருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்துக்கொள்க. கடையிலிருந்து கொணர்ந்த மீனையும் பையோடு தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, அதன் பின்னரே விடுதல் வேண்டும்.

நோய்க் குறிகள்

செட்டையின் ஓரம் கறுத்துக் கிழிந்து தேய்தல், உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி, பொன்தூசி படிந்ததுபோன்ற தோற்றம், செட்டையை மடக்கி மூலையில் ஒதுங்கல், இரை மறுத்தல் ஆகியவை காணப்பட்டால், மருந்து தேடுமுன் நீரைக் கவனிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, அடுத்த சில நாட்களும் மாற்றி வந்தால், செட்டைத் தேய்வு ஆரம்ப நிலையில் பெரும்பாலும் நின்றுவிடும். வெண்புள்ளிக்கு லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பைத் தனிப் பாத்திரத்தில் கரைத்து, ஒரே முறையில் கொட்டாமல், ஒரு நாள் பொழுதில் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். 10 நாட்களுக்கு மேல் அதனை வைத்திருக்க வேண்டாம். பாசிக்கும் உப்பு ஆகாது. செதில்கள் சிலிர்த்து நின்று வயிறு ஊதியிருந்தால், நோய் முற்றிவிட்டது, குணமாவது அரிது.

நாட்டு வாதுமை மரத்தின் பழுத்து உதிர்ந்து காய்ந்த இலையைத் தொட்டியில் இடுவது தென்கிழக்காசியாவில் வழக்கம். இலையிலுள்ள துவர்ப்புச் சத்து நீரைத் தேநீர் நிறமாக்கி, காரத்தைச் சற்றுக் குறைத்து, சிலவகைப் பூஞ்சணங்களையும் கிருமிகளையும் அடக்குகிறது. பள்ளிக்கூட முற்றங்களிலும் சாவடி வாசல்களிலும் இம்மரம் ஏராளமாயிருத்தலால் விலை கொடுத்து இலை வாங்கவேண்டிய அவசியமில்லை. 20 லிட்டருக்குக் கழுவிய இலை ஒன்று போதும். மருந்தடித்த தோட்டத்தின் ஓரத்து மரத்து இலை மட்டும் வேண்டாம்.

இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விடலாகாது; ஒன்று மற்றொன்றைக் கிழித்துவிடும். வேடிக்கைக்காக மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் எடுத்துச் சொல்லலாம். பெண் மீனையும் இனவிருத்திக் காலத்துக்கு மட்டுமே சேர்க்கவேண்டும். ஆண் மீன் நீர்மட்டத்தில் நுரைக் கூடு கட்டுவது இயல்பு. அதனை அழுக்கென்று எண்ணி அகற்றவேண்டாம். வளர்க்க மனமில்லாதவர் மீனைக் கிணற்றிலோ ஏரியிலோ விட்டுவிடாமல், வளர்க்கக் கூடிய மற்றொருவரிடம் கொடுத்துவிடல் வேண்டும்.

வாரந்தோறும் தொட்டியிலிருந்து எடுக்கும் நீரில் நைட்ரேட்டு இருப்பதால், அதனைச் சாக்கடையில் கொட்டாமல் துளசிக்கும் கீரைப் பாத்திக்கும் ஊற்றலாம். நோய்க்காக உப்புச் சேர்த்த நாட்களின் நீரை மட்டும் செடிகளுக்கு விடாமல் தனியே வடித்துவிடுக.