கூற்றும் கேட்போரும்: தலைவர்தம் குரல் மாறிவந்த வரலாறு

தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன் என்னும் மூன்றும் அடங்கும். சொல்பவர் யார், கேட்பவர் யார், சொல்லப்படும் இடம் எது என்பன விளங்காவிடில் பாடலின் பொருளும் விளங்காது. செய்யுளுக்கு வகுத்த இவ்வளவுகோல் அரசியல் உரைக்கும் பொருந்துவதே. கருவிகள் மாறமாற, தலைவருக்கும் மக்களுக்கும் இடையே இம்மூன்றும் எங்ஙனம் மாறின என்பதை இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

களன்

1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது பி.பி. வாடியா ஆங்கிலத்தில் பேசினார். தொழிலாளர் நெஞ்சில் அக்கருத்துகளைப் பதித்தது திரு.வி.க.வின் தமிழ். ஒலிபெருக்கி பரவாத அந்நாளில் குரல் எட்டும் தொலைவே களனின் எல்லையாக இருந்தது. பின்னர் வந்த ஒலிபெருக்கி அவ்வெல்லையை விரித்தது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில், தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் வேலை முடித்தோர் இரவுக் கூட்டங்களுக்குத் திரண்டதை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். தமிழில் ஒருவர் பேசினால், அடுத்தவர் உருதுவில் பேசுவார். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு கைமாறிக் கைமாறி மேடைக்குச் செல்லும். அதிலுள்ள வினாவைப் படித்துப் பேச்சாளர் அங்கேயே விடை கூற வேண்டும். விடை கூறாவிடில் மறுநாள் தேநீர்க் கடையில் அதுவே பேச்சாகும். சொல்வோரும் கேட்போரும் ஒரே களத்தில் நின்றமையால் விளைந்த பயன் இது.

16.6.1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பெற்றது. களன் வீட்டிற்குள் வந்தது. ஆயின் துண்டுச் சீட்டுக்கு வழியில்லை. 26.6.1975 காலையில் நெருக்கடி நிலையைப் பிரதமர் இந்திரா காந்தி வானொலி வழியாகவே நாட்டிற்கு அறிவித்தார். அரசுக்கு உரியதாயிருந்த அவ்வொலிவாங்கியில், தேர்தல் காலத்தில் கட்சிகள் பேசும் வாய்ப்பு 1977இல்தான் கிட்டியது.

கேட்போர்

மேடைப் பேச்சு கூட்டத்தை நோக்கியது. அறிஞர் அண்ணா ‘தம்பிக்கு’ எழுதிய மடல்களும் கலைஞர் ‘உடன்பிறப்பே’ என விளித்து எழுதிய மடல்களும் அச்சு வழியே ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்தன. எனினும் அவை படிப்பகங்களில் ஒருவர் படிக்கப் பலர் கேட்டு, பலராலும் விவாதிக்கப்பெற்றன.

படக்கருவி இன்னும் ஒருபடி முன்சென்றது. 1967 சனவரியில் சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., கழுத்துக் கட்டுடன் தோன்றிய படம் சுவரொட்டியாகி, அவர் வாராத ஊர்களிலும் வாக்குக் கேட்டது. 1984 தேர்தலின்போது அவர் அமெரிக்காவின் நியூயார்க் மருத்துவமனையில் இருந்தார். அங்குப் பதிவுசெய்யப்பெற்ற வீடியோக் காட்சி தமிழகமெங்கும் திரையிடப்பெற்றது. ஆண்டிபட்டியில் அவர் வென்றார். தலைவர் வாராமலே களம் அமையலாம் என்பதை அது காட்டிற்று.

இம்மாற்றத்தை இழப்பு என்று மட்டும் கூறிவிட இயலாது. மைதானத்துக் கூட்டங்கள் பெரிதும் ஆடவருக்கே உரியனவாக இருந்தன. நம் இல்லத்துப் பெண்டிர் பலர் ஒரு தலைவரின் முகம் கண்டு உரை கேட்டது தொலைக்காட்சி வந்த பின்னரே. இந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது.

கூற்று

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முதலமைச்சர் ஜெயலலிதா வாட்ஸ்அப் வழியே தம் குரலில் மக்களோடு பேசினார். 2016இல் அவர் மறைந்தார். 2024 பிப்ரவரியில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய அவர் குரல் மீண்டும் வெளியிடப்பெற்றது. அதற்கு முந்தைய மாதம், 2018இல் மறைந்த கலைஞர் நூல் வெளியீட்டு விழா ஒன்றில் திரையில் தோன்றி வாழ்த்துவதாக அமைத்திருந்தனர். களனும் கேட்போரும் மாறியது போய், கூற்றுக்கு உரியவரே இல்லாத நிலை தோன்றிவிட்டது.

இவ்விரண்டும் செயற்கை என அறியப்பெற்றவை. அறிவிக்கப்படாமல் வருவனவே அச்சத்துக்குரியன. வகுப்பில் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு தலைவரின் குரலை ஒலிக்கச் செய்தார். உண்மைக் குரலா, ஆக்கிய குரலா என வினவினோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நம்மாலும் துணிந்து கூற இயலவில்லை. ஒரு சமூகத்தைப் பற்றிய பொய்யுரை ஒன்று அவ்வாறு வந்திருப்பின் என்னவாகும் என்ற எண்ணம் அன்று முழுதும் நம்மை வருத்தியது.

முடிவுரை

நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் சொல்லை மட்டும் நோக்கவில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்ந்தே ஏற்றனர். ஒருவர் நம்பகமற்றவராயின் அவர் தந்த செய்தியும் தளர்ந்தது. தொல்காப்பியமும் இம்மரபும் நமக்கு உணர்த்துவது ஒன்றே: கூற்றுக்கு உரியவரை அறிந்தபின் கூற்றை ஏற்க வேண்டும்.

மாணவர்கள், தம் கைப்பேசிக்கு வரும் தலைவர் குரலைப் பிறருக்கு அனுப்புமுன், அது எந்த நாளில் எந்த இடத்தில் பேசப்பட்டது, முதலில் வெளியிட்டவர் யார் என வினவுதல் வேண்டும். ஊர்ப் பெரியோரும் தொழிற்சங்கத்தாரும் தேர்தல்தோறும் எல்லா வேட்பாளரையும் ஒரே மேடைக்கு அழைத்து, மகளிருக்கும் இடமளித்து, துண்டுச் சீட்டுக்கு விடை பெறும் வழக்கத்தை மீண்டும் தொடங்கலாம். கருவிகள் இன்னும் மாறும். கேட்போர் வினவும் உரிமையை இழவாதிருத்தல் நம் கையில் உள்ளது.