தம்புள்ளையில் மருமகன் போட்ட கணக்கு

என் தங்கையின் மகன் உயர்தரத்தில் வணிகப் பிரிவில் படிக்கிறான். ஒருநாள் கடைக்கு வந்தவன் கொள்வனவுக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "மாமா, 120 ரூபாவுக்கு வாங்கின தக்காளியை 200க்கு விக்கிறீங்க. கிலோவுக்கு 80 ரூபா லாபம் எடுக்கிறது நியாயமா?" என்று கேட்டான். கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "பதில் தம்புள்ளையில் இருக்கு, வா" என்றேன்.

அடுத்த கொள்வனவுக்கு அவனையும் லொறியில் ஏற்றிக்கொண்டு குருநாகலிலிருந்து ஏ6 வீதியால் புறப்பட்டேன். ஏ6 வீதியும் ஏ9 வீதியும் சந்திக்கும் ஊர் தம்புள்ளை. 1999ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அங்குள்ள பொருளாதார மத்திய நிலையத்துக்கு மலைநாட்டிலிருந்து கரட்டும் லீக்ஸும் வருகின்றன. சுற்றுவட்டாரத்திலிருந்து தக்காளி, கத்தரி, பெரிய வெங்காயம் வருகின்றன. இரவிலும் தூங்காத சந்தை அது. மருமகன் அங்கே கால் வைத்தது அதுவே முதல் தடவை.

அவன் கண்ட முதல் விஷயம், விலைப்பட்டியல் எங்கும் தொங்கவில்லை என்பது. விவசாயி பொருளைக் கொண்டுவந்து ஒரு கடையில் இறக்குகிறார். கடைக்காரர் விற்றுக்கொடுத்துத் தரகு எடுக்கிறார். சிலர் தாமே வாங்கியும் விற்கிறார்கள். அன்று எத்தனை லொறி வந்தது, எத்தனை பேர் வாங்க வந்தார்கள் என்பதைப் பொறுத்தே விலை ஏறும், இறங்கும். "கேள்வி, நிரம்பல் என்று நீ புத்தகத்தில் படிப்பது இதுதான்" என்றேன்.

விவசாயி ஒருவர் தக்காளிக்கு 125 ரூபா கேட்டார். நான் நகர்ந்துபோய்த் தேநீர் குடித்தேன். ஒரு மணி நேரத்தில் இன்னும் லொறிகள் வந்தன. திரும்பிப் போனேன், 120க்குத் தந்தார். முப்பது வருடமாக நான் செய்யும் வேலை இது. கெட்டித்தனம் என்றே நினைத்திருந்தேன். மருமகன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, பழுத்த தக்காளியைத் திருப்பிக் கொண்டுபோக அவரால ஏலாது என்டு தெரிஞ்சுதானே நிண்டீங்க?" எனக்குப் பதில் வரவில்லை.

நாட்டாமிமார் மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். பெட்டிகள் வாய்வரை அமுக்கி நிரப்பப்பட்டிருந்தன. மேல் பெட்டியின் பாரத்தில் கீழ்ப் பெட்டியிலிருந்து சாறு வடிந்ததை மருமகன் பார்த்துக்கொண்டே நின்றான்.

கடைக்கு வந்ததும் அவனையே கணக்குப் போடச் சொன்னேன். 100 கிலோவின் விலை 12,000 ரூபா. நாட்டாமிக் கூலியும் லொறிச் செலவில் பங்கும் 1,200. மொத்தம் 13,200. நசிந்தது, அழுகியது, விலைபோகாமல் கழிந்தது என 20 கிலோ போயிற்று. மிஞ்சிய 80 கிலோவை 200 ரூபாப்படி விற்றால் 16,000. கையில் நிற்பது 2,800 மாத்திரமே. கடை வாடகை, கரண்ட் பில், வேலையாள் சம்பளம் எல்லாம் அதற்குள்தான். அவன் நினைத்த 8,000 எங்கே, இது எங்கே!

நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். அவன் பேனையைக் கீழே வைக்கவில்லை. "விவசாயியிடம் 5 ரூபா குறைச்சதால 100 கிலோவுக்கு 500 ரூபாதான் மிச்சம். கழிவை 20 கிலோவிலிருந்து 10 கிலோவாக்கினா 90 கிலோ விக்கலாம், 18,000 வரும். 2,000 ரூபா கூடுது மாமா" என்றான்.

வர்த்தக சகோதரர்களே, இந்தக் கணக்கைச் சற்று நின்று பாருங்கள். நாம் விவசாயியோடு பேரம் பேசுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அழுகும் பொருளில் காட்டுவதில்லை. 2011 டிசம்பரில் மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளில் ஏற்ற வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியபோது தம்புள்ளையில் வியாபாரிகள் எதிர்த்தார்கள். லொறியில் ஏற்றும் நிறை குறையும், வெறுங்கூடையைத் திருப்பி ஏற்ற வேண்டும், கூடைக்கும் காசு வேண்டும் என்ற முறைப்பாட்டில் உண்மை இருந்தது. நானும் முணுமுணுத்தவன்தான். ஆனால் கூடையின் செலவைக் கணக்கிட்ட நாம், கூடையில்லாத செலவைக் கணக்கிடவில்லை.

நாங்கள் செய்த மாற்றங்கள் சிறியவை.

1. தக்காளிக்குப் பிளாஸ்டிக் கூடை. விளிம்புக்குக் கீழேயே நிரப்புவது.

2. வெயில் ஏறுமுன் சரக்கைக் கடையில் சேர்ப்பது.

3. வந்தவுடன் பழுத்ததையும் செங்காயையும் பிரிப்பது. பழுத்ததிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு பக்கத்திலிருப்பதையும் பழுக்க வைக்கும்.

4. நசிந்ததை அன்றே தனியாக வைத்து விலை குறைத்து விற்பது.

5. ஒவ்வொரு நாளும் கழித்தெறிவதை நிறுத்துக் கொப்பியில் எழுதுவது.

மூன்று வாரம் எழுதிப் பார்த்தோம். 100 கிலோவுக்கு 20 கிலோவாக இருந்த கழிவு 12 கிலோவுக்கு இறங்கியது. தக்காளியின் விலையில் 10 ரூபா குறைத்தும் 88 கிலோவுக்கு 16,720 ரூபா கிடைத்தது. வாடிக்கையாளருக்கும் லாபம், எனக்கும் நட்டமில்லை.

ஐந்தாவது காரியத்தையாவது நாளைக்கே தொடங்குங்கள். ஒரு கொப்பியும் பேனையும் போதும். எறிவதை எழுதாதவனுக்குத் தன் லாபம் எங்கே போகிறது என்று தெரியாது.

சென்ற வாரம் அதே விவசாயியைத் தம்புள்ளையில் கண்டேன். 130 ரூபா கேட்டார். அன்றைய விலையும் அதுதான். தேநீர் குடிக்கப் போகவில்லை. காசை எண்ணிக் கொடுத்தேன். அவர் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, நசியாத காய்களாகத் தெரிந்து தாமே என் கூடைகளில் அடுக்கித் தந்தார்.