இரண்டு மடிப்புக் கைப்பேசிகள்: எதைத் தேர்ந்தெடுப்பது?



உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருக்கிறார்களா? அவர்களுக்குத் தொடுதிரைக் கைப்பேசி ஒத்துவருவதில்லை. விரல் ஓரிடத்தில் பட்டால் வேறெதுவோ திறந்துகொள்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஏற்றது, திறந்தால் பேசலாம், மூடினால் பேச்சு முடியும் என்ற அளவில் எளிமையான ‘ஃபிளிப் போன்’. அதை மடிப்புக் கைப்பேசி என்போம். கடைக்காரர் இரண்டு மூன்றை எடுத்து வைத்தால் எதை வாங்குவது? நிறத்தைப் பார்த்தா, விலையைப் பார்த்தா? நீங்கள் படிக்கும் இயற்பியல் இதற்கு உதவும்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். என் தாயார் செவித்துணைக் கருவி அணிபவர். உறவினர் ஒருவர் தம்மிடம் சும்மா கிடந்த பழைய மடிப்புக் கைப்பேசியை அவருக்குக் கொடுத்தார். இரண்டே நாளில், “காதுக்குள்ளே வண்டு ரீங்காரம் பண்ணுதுடா” என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டார். வயதின் கோளாறு என்று நாங்கள் நினைத்தோம். தவறு எங்களுடையது. அந்த வண்டு மெய்யாகவே இருந்தது! எப்படி என்று பின்னால் காண்போம்.

ஒப்பிடுவதற்கு இரண்டு கைப்பேசிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று, 2004-இல் வெளிவந்த மோட்டோரோலா ரேசர் வி3. எடை 95 கிராம், தடிமன் 13.9 மில்லிமீட்டர். மற்றொன்று, 2022-இல் வந்த நோக்கியா 2660 ஃபிளிப். எடை 123 கிராம். கையில் எடுத்துப் பார்ப்பவர் மெலிந்த பழையதையே விரும்பக்கூடும். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு.

முதல் கேள்வி: எந்த அலை?

கைப்பேசி என்பது அடிப்படையில் ஒரு சிறிய வானொலி நிலையம். அருகிலுள்ள கோபுரம் எந்த முறையில் பேசுகிறதோ, அதே முறையில் இதுவும் பேச வேண்டும். பழைய வி3 ஜி.எஸ்.எம். எனப்படும் 2ஜி முறையில் மட்டுமே பேசும். புதியது 4ஜி முறையையும் அறியும். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி சேவை நிறுத்தப்பட்டது. அன்றோடு அங்கே வி3 போன்ற கைப்பேசிகள் வெறும் பொம்மைகளாகிவிட்டன. நம் நாட்டில் 2016-இல் தொடங்கிய ஜியோ, தொடக்கம் முதலே 2ஜி இல்லாத நிறுவனம். ஆகவே கைப்பேசி நன்றாக இயங்கினால் மட்டும் போதாது. நம் ஊர்க் கோபுரத்தின் மொழியும் அதற்குத் தெரிய வேண்டும். இந்தக் கேள்வியில் தோற்றால் மற்ற கேள்விகளுக்கே இடமில்லை.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு மின்னூட்டம்?

வி3-இன் மின்கலம் 680 மில்லி ஆம்பியர் மணி. 2660-இன் மின்கலம் 1450. இதன் பொருள் என்ன? 1.45 ஆம்பியரை ஒரு மணி நேரம், அதாவது 3600 விநாடி தரலாம். 1.45 × 3600 = 5220 கூலும். மின்னழுத்தம் சுமார் 3.7 வோல்ட் எனக் கொண்டால், ஆற்றல் 5220 × 3.7 = 19,314 ஜூல். பத்துக் கிலோ எடையுள்ள தண்ணீர்க் குடத்தை ஏறத்தாழ 197 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் அந்தச் சிறு மின்கலத்தில் அடங்கியிருக்கிறது!

மின்கலம் பெரிது என்பதால் மட்டும் அதிக நாள் வரும் என்று சொல்லிவிட முடியாது. செலவையும் பார்க்க வேண்டும். ஓர் உதாரணம்: சும்மா இருக்கும்போது சராசரி 4 மில்லி ஆம்பியர், பேசும்போது 200 மில்லி ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். பாட்டி தினம் அரை மணி பேசினால் 100, மீதி 23.5 மணிக்கு 94. ஆக ஒரு நாளுக்கு 194. 1450-ஐ 194-ஆல் வகுத்தால் சுமார் ஏழரை நாள். கோபுரம் தொலைவில் இருந்தால் கைப்பேசி உரக்கக் கத்த வேண்டும்; அப்போது செலவும் கூடும்.

மூன்றாவது கேள்வி: கீல் எப்படி?

மேல் பாதியிலுள்ள திரைக்கும் கீழ்ப் பாதிக்கும் இடையே செய்தி செல்ல, கீலின் வழியாக மெல்லிய நாடா போன்ற மின்சுற்று ஒன்று வளைந்து செல்கிறது. ஒரு தடித்த அட்டையை மடித்துப் பாருங்கள், வெளிப்பக்கம் வெடிக்கிறது. மெல்லிய தாளை வளைத்தால் ஒன்றும் ஆவதில்லை. வளையும் பொருளின் வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது, நடு அடுக்கு மட்டும் மாறுவதில்லை. எனவேதான் நாடாவை மெல்லியதாகச் செய்து, செம்புக் கம்பிகளை நடு அடுக்குக்கு அருகில் வைக்கிறார்கள். நாளைக்கு 40 முறை திறந்தால் ஐந்து ஆண்டில் 73,000 முறை! பழைய கைப்பேசி வாங்கினால், அதை மெதுவாகத் திறந்து மூடித் திரை மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் நாடா களைத்துவிட்டது என்று ஐயப்படலாம்.

மூடியதைக் கைப்பேசி எப்படி அறிகிறது? பல கைப்பேசிகளில் ஒரு பாதியில் சிறு காந்தமும், மறு பாதியில் ஹால் உணர்வியும் உண்டு. மின்னோட்டம் செல்லும் மெல்லிய தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் அமைந்தால், மின்னூட்டங்கள் ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டு, குறுக்கே சிறு மின்னழுத்தம் தோன்றும். எட்வின் ஹால் இதை மாணவராக இருந்தபோதே 1879-இல் கண்டுபிடித்தார். காந்தப் பூட்டுள்ள கைப்பையில் வைத்தால் இந்த உணர்வி சில வேளை ஏமாந்துபோகும்.

நான்காவது கேள்வி: காதுக்கு இதமா?

இப்போது வண்டுக்கு வருவோம். ஜி.எஸ்.எம். முறையில் ஓர் அலைவரிசையை எட்டுப் பேர் வரை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நம் கைப்பேசிக்கு 4.615 மில்லி விநாடிக்கு ஒரு முறை வாய்ப்பு வரும். அதாவது விநாடிக்குச் சுமார் 217 தடவை அது விட்டுவிட்டு அலையை வீசுகிறது. அலையின் அதிர்வெண் 900 மெகா ஹெர்ட்ஸாக இருந்தாலும், இந்த 217 நம் செவிக்கு எட்டும் எல்லைக்குள் இருக்கிறது. அருகிலுள்ள செவித்துணைக் கருவியின் மின்சுற்று இந்தத் துடிப்பைப் பிடித்து ஒலியாக்கிவிடுகிறது. அதுவே என் தாயார் கேட்ட ரீங்காரம்! 4ஜி முறையில் பேசும்போது இத்தொல்லை பெரும்பாலும் குறைவு. 2660 செவித்துணைக் கருவியோடு பயன்படுத்தத் தக்கதாகவே அமைக்கப்பட்டது. அவசர அழைப்புக்குத் தனிப் பொத்தானும் உண்டு.

ஆக, எது நல்லது? அழகும் மெலிவும் வி3-இன் பக்கம். ஆனால் பேச வேண்டியவருக்கு வேண்டியது ஒலிக்கும் கைப்பேசி. அவருடைய ஊர்க் கோபுரம், அவருடைய காது, அவர் பேசும் நேரம் இவற்றை வைத்தே முடிவு செய்ய வேண்டும். நாங்கள் 4ஜி மடிப்புக் கைப்பேசி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். பேசி முடித்து அதை ‘டப்’ என்று மூடிய தாயார், “வண்டு போயிடுச்சு” என்றார். பெரியவர்கள் குறை சொன்னால் முதலில் அதை ஓர் அளவீடாக எடுத்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு தேடலாம்.

செய்து பாருங்கள்

1. மடிப்புக் கைப்பேசியின் ஓரமாகச் சிறு திசைகாட்டியை மெதுவாக நகர்த்துங்கள். ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில் முள் திரும்பும். வேறு எங்கேனும் திரும்புகிறதா?

2. 1000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம். சராசரிச் செலவு 5 மில்லி ஆம்பியர். எத்தனை நாள் வரும்?

3. 900 மெகா ஹெர்ட்ஸ் அலையின் அலைநீளம் என்ன? ஒளியின் வேகம் விநாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் எனக் கொள்க.