மின்சாரக் கார் சார்ஜிங் நிலையம்: திருகோணமலையில் எந்த இடம் லாபம் தரும்?

பிரதான வீதியோரத்தில் ஒரு துண்டுக் காணி இருக்கிறது. அதில் மின்சாரக் கார்களுக்கான அதிவேக சார்ஜர் ஒன்றைப் போடலாமா? தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதன் பின்னர் எமது வர்த்தகர்கள் சிலரிடம் எழுந்துள்ள கேள்வி இது. ஆனால் பலரும் பெற்றோல் நிரப்பு நிலையத்தை மனதில் வைத்தே இதற்கு விடை தேடுகின்றனர். "வாகனம் அதிகம் ஓடும் சந்திதான் நல்ல இடம்" என்று முடிவு செய்கின்றனர். தவறு ஆரம்பமாவது அங்கேதான்.

பெற்றோல் வாகனம் எல்லாமே நிரப்பு நிலையத்துக்கு வந்தாக வேண்டும். மின்சாரக் கார் வைத்திருப்பவரோ இரவில் தன் வீட்டிலேயே குறைந்த செலவில் சார்ஜ் செய்துகொள்வார். நகருக்குள் குடியிருப்பவர் உங்கள் வாடிக்கையாளர் அல்லர். வீட்டை விட்டுத் தூரமாக வந்தவர், பற்றரி குறைந்தவர், அங்கே இரவு தங்காதவர் ஆகிய மூன்றும் பொருந்துபவரே உங்கள் வாடிக்கையாளர்.

அவர் எங்கே இருக்கிறார்?

கொழும்பிலிருந்து திருகோணமலை சுமார் 260 கிலோமீற்றர். 2014, 2015 இல் நம் நாட்டுக்கு அதிகம் வந்த நிசான் லீஃப் கார்களின் பற்றரி 24 கிலோவொட் மணி. புதிதாக இருந்தபோதே அது ஒரு சார்ஜில் ஏறக்குறைய 135 கிலோமீற்றர்தான் ஓடியது. பற்றரி பழசானதும் அது இன்னும் குறையும். இப்போது வரும் கார்களில் 60 கிலோவொட் மணியளவு பற்றரி உள்ளவை ஒரே சார்ஜில் திருகோணமலை வந்து சேரும். ஆனால் திரும்பிப் போக மின்சாரம் வேண்டும்.

நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைக்கு வருவோரில் பலர் இரவு தங்குவர். அவர்களுக்கு ஹோட்டலில் 7 கிலோவொட் சாதாரண சார்ஜர் போதும். எட்டு மணி நேரத்தில் 56 அலகுகள் ஏறிவிடும். அங்கே பெரும் பணம் போட்டு அதிவேக சார்ஜர் வைப்பது, தூங்கும் மனிதருக்கு அவசர வண்டி அனுப்புவது போன்றது.

கந்தளாய் அப்படியல்ல. ஹபரணைக்கும் திருகோணமலைக்கும் இடையிலான நீண்ட காட்டு வழியில், நகருக்கு 40 கிலோமீற்றர் அளவில் அமைந்த ஊர் அது. போகிறவரும் திரும்புகிறவரும் அதைக் கடந்தாக வேண்டும். அதேபோல 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் மட்டக்களப்பு – திருகோணமலைப் பயணம் கிண்ணியா, மூதூர் வழியாக இலகுவாகிவிட்டது. வெருகல், இலங்கைத்துறைப் பக்கமிருந்து வருவோருக்கும் இதுவே வழி. இன்று கார் குறைவென்றாலும் கவனத்தில் வைக்க வேண்டிய வீதி இது.

அரை மணி நேரத்தில் என்ன செய்வார்?

50 கிலோவொட் சார்ஜர் அரை மணி நேரத்தில் அதிகபட்சம் 25 அலகுகள் தரும். அது சுமார் 140 கிலோமீற்றர் ஓட்டம். பற்றரி 80 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் குறையும். அந்த அரை மணி நேரம் குடும்பத்துடன் வந்தவர் எங்கே இருப்பார்? சுத்தமான கழிவறை, தேநீர், சாப்பாடு, நிழல், நடந்து போகும் தூரத்தில் பள்ளிவாசல். இவை இருக்கும் இடத்தில் அவர் மறுமுறையும் நிற்பார்.

ஒரு கணக்குப் பார்ப்போம். இத்தொகைகள் உதாரணத்திற்கு மட்டுமே. முதலீடு 60 இலட்சம் ரூபா. ஓர் அலகில் உங்களுக்கு மிஞ்சுவது 25 ரூபா, ஒரு கார் 20 அலகுகள் ஏற்றும் என்றால் காருக்கு 500 ரூபா. நாளுக்கு நான்கு கார் வந்தால் மாதம் 60,000 ரூபா. முதல் திரும்ப 100 மாதங்கள், அதாவது எட்டு வருடத்துக்கும் மேல். அதே காரில் வந்தவர்கள் உங்கள் ஹோட்டலில் சாப்பிட்டு இன்னும் 500 ரூபா இலாபம் தந்தால் காலம் பாதியாகும். ஆகவே வெற்றுக் காணியைவிட, ஏற்கனவே ஓடும் ஹோட்டல் அல்லது பேக்கரியின் முற்றமே சிறந்த இடம்.

மின்கம்பத்தைப் பாருங்கள்

50 கிலோவொட் சார்ஜர் மும்முனை இணைப்பில் 70 அம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரணக் கடை இணைப்பு தாங்காது. அருகில் போதிய கொள்ளளவுள்ள டிரான்ஸ்போமர் இல்லையென்றால், புதிதாகப் போடும் செலவு காணியின் மலிவை விழுங்கிவிடும். பெரும் இணைப்புகளுக்கு அலகுக் கட்டணத்துடன் உச்சக் கேள்விக் கட்டணமும் வரலாம், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சாரம் விலை கூடியது. பகலில் பயணிகள் வரும் இடமே இலாபம். கடலோர உப்புக் காற்றையும் மகாவலி வெள்ளம் ஏறும் தாழ்நிலத்தையும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பாடம்

2015 நவம்பர் வரவு செலவுத் திட்டத்துக்குப் பின் வரி உயர்ந்ததும் மின்சாரக் கார்களின் வருகை சரிந்தது. 2020 இல் இறக்குமதியே நின்றது. மீண்டும் அப்படி நடக்கலாம். சார்ஜர் மட்டுமே வருமானமாக உள்ளவர் அன்று விழுவார்; ஹோட்டலும் வைத்திருப்பவர் தாக்குப் பிடிப்பார்.

எனவே பணம் போடுமுன் நான்கு வேலைகளைச் செய்யுங்கள். வார நாளிலும் வார இறுதியிலுமாக இரண்டு வாரம் வீதியோரம் இருந்து மின்சாரக் கார்களை எண்ணுங்கள். மின்சார அலுவலகத்தில் இணைப்புச் செலவை எழுத்தில் பெறுங்கள். வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் பிரதேச சபையிடமும் அனுமதி பற்றி விசாரியுங்கள். பழைய லீஃப் காரின் சாடெமோ, புதிய கார்களின் சீ.சீ.எஸ். 2 ஆகிய இரு இணைப்புகளும் உள்ள சார்ஜரையே கேளுங்கள்.

எண்ணிய கார்கள் போதவில்லையா? சாதாரண சார்ஜர் ஒன்றை வைத்துக் காத்திருங்கள். காணி எங்கும் ஓடிவிடாது. அவசரத்தில் போட்ட முதல்தான் திரும்பி வராது.