திக்கினால் திக்கட்டும்

உங்களுக்குத் திக்குவாய் என்றால் இந்நேரம் உங்கள் வீட்டிலும் யாராவது நாக்கில் வசம்பு தேய்த்திருப்பார்கள், வாயில் கூழாங்கல்லைப் போட்டுப் பேசச் சொல்லியிருப்பார்கள், ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ படத்தைக் கட்டாயம் பார் என்றிருப்பார்கள். நல்ல படம்தான். ஆனால் அதில் வரும் இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜுக்குத் திக்கல் போய்விட்டது என்ற நினைப்பில்தான் அதைப் பார்க்கச் சொல்கிறார்கள். போகவில்லை. லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியர் 1926-இலிருந்து அவருக்குப் பயிற்சி கொடுத்தார். 1939-இல் பிரிட்டன் இரண்டாம் உலகப் போரில் இறங்கிய அன்று வானொலியில் பேசும்போதுகூட ராஜா விட்டு விட்டுத்தான் பேசினார். ராஜாவுக்கே அந்த அளவுதான் என்றால், ஒரே மண்டலத்தில் குணமாக்குகிறேன் என்று என் அப்பாவிடம் முன்பணம் வாங்கிய மனிதரைப் பற்றி என்ன சொல்ல? அந்தப் பணம் இன்னும் வரவில்லை.

பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்குத் திக்குகிறது. பெண்களைவிட ஆண்களுக்குச் சுமார் நான்கு மடங்கு அதிகம். வம்சத்திலும் தொடரும். என் தாத்தாவுக்கும் இருந்ததாம். அதை ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. ‘பிள்ளையைப் பயமுறுத்தி வளர்த்துட்டா’ என்று என் அம்மாவைத்தான் சொன்னார்கள்.

எனக்கு முக்கியமாகக் ககரம் வராது. வராத எழுத்து உங்களுக்கு வேறாக இருக்கலாம். செய்கிற வேலை ஒன்றுதான்: வார்த்தையை மாற்றுவது. காபி பிடிக்கும், டீ கேட்பேன். பல்லாவரத்திலிருந்து கிண்டிக்குப் போக சைதாப்பேட்டைக்கு டிக்கெட் எடுத்துக் கிண்டியில் இறங்குவேன். கூடப் போன காசு பெரிதில்லை. பழக்கம் தடித்துப்போனதுதான் பெரிது. கூடப் படித்தவர்களுக்கே எனக்குத் திக்கும் என்பது தெரியாது. அமைதியான பையன் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

அந்தப் பெயருக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். மெக்கானிக்கல் முடித்ததும் ஒரு பெரிய வாகனத் தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு. எழுத்துத் தேர்வில் முதல் சிலரில் நானும் ஒருவன். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்தவர், பதற்றத்தைத் தணிக்க நினைத்தாரோ என்னவோ, சின்னக் கேள்வியாகக் கேட்டார்: “இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல என்னப்பா இருக்கு?”

ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கிற சிறுவனும் சொல்வான், கிளட்ச் என்று. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மாற்று வார்த்தை தேடினேன். கிளட்சுக்கு ஏது மாற்று? “தெரியாது சார்” என்றேன். அது மட்டும் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு என் ஊரைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். திக்குவது தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன்; திக்காமலே போனது. என்னிடம் பாடம் கேட்டுப் படித்த பக்கத்து அறைக்காரன் அங்கே சேர்ந்து இப்போது பெரிய பதவியில் இருக்கிறான். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புவான். நானும் அனுப்புவேன்.

பிறகு பேச்சுப் பயிற்சிக்குப் போனேன். மூச்சு விடுவது, உதட்டைத் தளர்த்துவது, மெதுவாகத் தொடங்குவது எல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள், போங்கள். எனக்கு உதவியது வேறு. சார்ல்ஸ் வான் ரைப்பர் என்று ஒரு அமெரிக்கர். பேச்சு மருத்துவர், அவரே திக்குவாய்க்காரர். திக்கலோடு மல்லுக்கட்டாதே, மறைக்காதே, வேண்டுமென்றேகூடத் திக்கிப் பார் என்பது அவர் வழி. வேண்டுமென்று திக்குவதா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இருந்தாலும் பேருந்தில் “கி... கி... கிண்டி” என்று நானாகவே இழுத்தேன். நடத்துநர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “சில்லறையா குடுங்க” என்றார். இவ்வளவு காலம் இவருக்கா பயந்தேன்?

இப்போது நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து எவ்வளவு தரலாம் என்று மதிப்புப் போடுகிற வேலை. பிளாஸ்டிக் பம்பருக்குத் தேய்மானம் 50 சதவீதம் என்றதும் சண்டைக்கு வராத உரிமையாளர் கிடையாது. இந்தத் தொழிலுக்குத் திக்குவாய் ஆகாது என்றார்கள். நேர்மாறு. “எ... எ...” என்று நான் ‘எப்படி’யில் மாட்டி நிற்பேன். எதிரே இருப்பவருக்கு அந்த மௌனம் தாங்காது. தானாகவே நிரப்புவார். நாய் குறுக்கே வந்தது என்று ஆரம்பித்த ஒருவர், நான் கேள்வியை முடிப்பதற்குள், “தம்பிதான் சார் ஓட்டினான், இன்னும் லைசென்ஸ் எடுக்கல” என்றுவிட்டார். சரளமாகப் பேசும் சக சர்வேயர்கள் கேள்வியோடு பதிலுக்கான வழியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். நான் சில நேரம் திக்கலை வேண்டுமென்றே நீட்டுவதும் உண்டு. அது ஏமாற்று என்கிறார் அவர்களில் ஒருவர். அவருடைய அறிக்கைகள் எத்தனை முறை திரும்பி வந்தன என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்காகத் திக்குவாய் வரம் என்று பசப்ப மாட்டேன். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால் பெயரைச் சொல்லச் சொல்கிறது ஒரு எந்திரம். நான் முதல் எழுத்தில் இருக்கும்போதே ‘மன்னிக்கவும், புரியவில்லை’ என்று துண்டிக்கிறது.

நேர்முகத் தேர்வுக்குப் போனால் உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள்: “எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் எடுக்கும், பதில் வரும்.” முகம் சுளிக்கிற இடத்தில் வேலை பார்த்து என்ன ஆகப்போகிறது?

ஆசிரியர்களுக்கும் ஒன்று. 1939-இல் அமெரிக்காவின் அயோவாவில் ஓர் அனாதை இல்லத்தில், நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் ‘உனக்குத் திக்குகிறது’ என்று சொல்லிச் சொல்லி ஆராய்ச்சி செய்தார்கள். பிள்ளைகள் வாயைத் திறக்கவே கூசிப்போனார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001-இல். நான் எழுந்து நின்றால் “என்னடா, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?” என்று வகுப்பையே சிரிக்கவைத்த என் பத்தாம் வகுப்பு வாத்தியார் இன்னும் கேட்கவில்லை.

கடைசியாக, நம் வார்த்தையை முடித்துக் கொடுக்கும் மாமாக்கள். உங்களுக்கும் ஒருவர் இருப்பார். நல்ல எண்ணம்தான், ஊகம் மட்டும் எப்போதும் தப்பு. ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு மோர் வேண்டியிருந்தது. “மோ... மோ...” என்றேன். “மோதிரமா? மோதிரத்தைக் காணோமா?” என்று மாமா எழுந்தே விட்டார். பந்தியில் பாதிப் பேர் இலைக்கடியில் தேடினார்கள். நான் திருத்தவில்லை. பரிமாறுகிற பையனுக்கு விஷயம் புரிந்தது, வாளியோடு வந்தான். மாமா மேஜைக்கடியில் இருந்தார்.